ஏலத்தில் விற்கப்பட்டது யாது?

பழைய பாளையங்களின் வரலாற்றை எழுதுவோர், 'ஜமீன் ஏலத்திற் போயிற்று' என்னும் ஒரு தொடரால் ஒரு குடியின் முடிவைக் கூறி அமைதல் வழக்கம். ஏலத்தில் விற்கப்பட்டது யாது, கொண்டவன் பெற்றது யாது என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. அவ்வினாக்களைக் குற்றாலத்திற்கு வடக்கே மலையடிவாரத்தில் அமைந்த வடகரை, சிவகிரிச் சீமைகளை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'ஏலம்' என்பது பழந்தமிழ்ச் சொல்லன்று. 'லெய்லாவ்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. மலையாளத்தில் 'லேலம்' என வழங்குவதும் இதுவே. சொல் புதிதாயினும் செயல் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளிற் பயிலும் 'பெருவிலை' என்னுஞ் சொல் பலரறியக் கூவி விற்கும் விற்பனையைக் குறிக்கும். கோயில் நிலம் சண்டேசுவரர் பெயரால் விற்கப்படுமிடத்து அது 'சண்டேசுவரப் பெருவிலை' எனப்பட்டது. 'இராசராசப் பெருவிலை' என அரசன் பெயரொடு சார்த்தி வழங்கிய விற்பனையும் உண்டு. முதலாம் இராசராசனது 24-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி. பி. 1009-இல் பொறிக்கப்பட்ட உக்கல் கல்வெட்டும் இங்கு நினைக்கத்தக்கது. ஊர்க்கு விதித்த கடமையை இரண்டாண்டுகள் முற்றும் இறுக்காதாரது நிலத்தை ஊராரே விற்றுக் கொள்ளலாம் என்னும் அரசாணையை அது கூறுகின்றது. வரி நிலுவைக்காக நிலத்தை விற்பது ஆங்கிலேயர் புகுத்திய புதுமை என்று கருதுவோர் கருத்து இதனால் வலியிழக்கும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பழங்காலத்தில் விற்றவர் ஊரார். நிலத்தின் எல்லையையும் உரிமையையும் நேரில் அறிந்தவர். பின்னாளில் விற்றது தொலைவிலிருந்த கச்சேரி. ஆகவே அறிந்து கொள்ளும் பொறுப்பு விற்போனிடமிருந்து கொள்வோனிடம் பெயர்ந்தது.

வடகரைப் பாளையம் பிற்காலத்திற் சொக்கம்பட்டி எனப் பெயர் பெற்றது. 1759-இல் யூசுப்கானும் திருவிதாங்கூர்ப் படையும் வடகரையைத் தாக்கியபோது, அதன் தலைவர் நெற்கட்டுஞ்செவல் புலித்தேவரை அடைந்தார் என்பது வரலாறு. அக்காலத்தில் நிலம் வாளாற் போயிற்று. வாளால் மீளவுங் கூடும். 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதியும், அதன்வழித் திருநெல்வேலிப் பாளையக்காரர்க்கு 1803-இல் அளிக்கப்பட்ட சனதுகளும் அந்நிலையை மாற்றின. பாளையக்காரர் ஜமீன்தாராயினர். பேஷ்குஷ் என்னும் நிலையான இறைத்தொகையைத் தவணை தவறாது செலுத்துதல் அவர் கடன். தவறின் நிலம் விற்பனைக்கு உரியது. வாளுக்கு அஞ்சிய குடி இப்பொழுது நாட்காட்டிக்கு அஞ்ச வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலம் இருவகைத்தாய் நடந்தது. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான மயக்கங்களுக்குக் காரணம்.

ஒன்று வருவாய்த்துறை ஏலம். 1864-ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டத்தின்படி, ஒரு நிலத்தின் தீர்வை நிலுவைக்காக அந்நிலமே விற்கப்படுமாயின், அடைமானம் முதலிய வில்லங்கங்கள் நீங்கியே அது கொள்வோனைச் சேரும். விலையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை அன்றே கட்டி, எஞ்சியதை முப்பது நாளில் செலுத்த வேண்டும். வேறு நிலுவைகளை இச்சட்டத்தின் வழியே வசூலிக்கும்போது இச்சலுகை கிட்டாது என நீதிமன்றங்கள் வரையறுத்தன.

மற்றொன்று நீதிமன்ற ஏலம். இதில் கடன்காரன் பெற்ற தீர்ப்பை நிறைவேற்றுதற்பொருட்டுத் தோற்றவனது சொத்து விற்கப்படும். 1859-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் விற்பனைக்கு வந்தது தோற்றவனது 'உரிமையும் பாத்தியதையும் நலனும்' மட்டுமே. அவனுக்கு முழு நிலமும் உரியதாயின் முழு நிலமும், அவன் வாழ்நாளளவே உரியதாயின் அவ்வளவும், ஒன்றுமே இல்லையாயின் ஒன்றுமின்மையும் கொள்வோனைச் சேரும். நீதிமன்றம் உரிமைக்கு உறுதி கூறுவதில்லை.

இவ்வேற்றுமையைச் சிவகிரி ஜமீன் பற்றிய இரு வழக்குகள் நன்கு விளக்கும். இரண்டும் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றவை. இரண்டிலும் சங்கிலி வீரபாண்டியச் சின்னத்தம்பியார் ஒரு கட்சியாவார். முத்தையன் செட்டியார் வழக்கில், தந்தையார் பட்ட கடனுக்கு மகன் கையில் வந்த ஜமீன் பொறுப்பாகும் என 1882-இல் முடிவாயிற்று. கடன் கொடுத்தவர் வென்றார். பெத்தாச்சி செட்டியார் வழக்கிலோ, முன்னைய ஜமீன்தார் மீது பெற்ற தீர்ப்பின்படி நடந்த ஏலத்தில் கொண்டவர் பெற்றது அந்த ஜமீன்தாரது சொந்த நலன் மட்டுமே என 1887-இல் முடிவாயிற்று. மகன் வென்றார்.

ஒரே ஜமீன், ஐந்தாண்டு இடைவெளி, முடிவுகளோ எதிரெதிர் போலத் தோன்றுகின்றன. இவை தம்முள் முரணுவன என்று சிலர் எண்ணக்கூடும். முரண் இல்லை என்பதே நம் கருத்து. முதல் வழக்கு, ஜமீனிலிருந்து எதை வசூலிக்கலாம் என்பது பற்றியது. இரண்டாவது, உண்மையில் எது விற்கப்பட்டது என்பது பற்றியது. முழு ஜமீனையும் கடனுக்கு ஈடாக்க வழியிருந்தும், விற்பனை தந்தையின் நலனோடு நின்றுவிடின், கொண்டவர் அதற்கு மேல் எதனையுங் கேட்க இயலாது. நீதிமன்றம் எதனை விற்கக் கருதியது, கொண்டவர் எதனைக் கொள்வதாக எண்ணினார் என்பவற்றை அவ்வவ் வழக்கின் சான்றுகளாலேயே துணிய வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் நெறி.

இதன்பின் நிலைமை வேறொரு திசையிற் சென்றது. பிரிக்கவொண்ணா ஜமீனை உடையவர் அதனைத் தம் விருப்பப்படி பராதீனஞ் செய்யலாம் என்று பிரிவி கவுன்சில் 1888-இல் கூறியது. 1899-இல் பிட்டாபுரம் வழக்கில் அக்கருத்தையே சென்னை மாகாணத்திற்கும் உரியதாக்கியது. அவ்வாறாயின் ஒரு தலைமுறையின் கடனால் ஜமீன்கள் முற்றும் அழியக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. அதன் விளைவே 1902-இல் தற்காலிகமாகவும் 1904-இல் நிலையாகவும் வந்த சென்னைப் பிரிக்கவொண்ணா எஸ்டேட்டுகள் சட்டம். இறுதியில் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவ்வுரிமையையே அகற்றிக் குடிகளுக்கு இரயத்துவாரிப் பட்டா வழங்க வழி செய்தது. காக்கப்பட்ட குடியும் கடன் கொடுத்தவரும் அறிந்த அளவிற்கு, உழுத குடிகளின் பெயர் இவ்வழக்குகளில் வெளிப்படாமை கருதத்தக்கது. ஏலத்தில் மாறியது மேல்வாரம் பெறும் கையே. கீழே உழும் கை மாறியதா என்பதை ஊர்க் கணக்குகளே கூற வல்லன.

அக்கணக்குகளை ஆராய்தல் வரலாற்று மாணவர்க்கும் ஏலங் கொள்வோர்க்கும் பொதுவான தொழில் என்பது நம் துணிபு. இன்றைய நடைமுறைச் சட்டத்தின்படி நீதிமன்ற ஏலத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை உடனே கட்டிப் பதினைந்து நாளில் எஞ்சியதைச் செலுத்த வேண்டும். தொகையைத் திரட்டுவதற்கே அக்காலம் சிறிதாகலின், ஆராய்ச்சி ஏலத்திற்கு முன்பே முடிந்திருத்தல் வேண்டும். நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டுச் சொத்தை விற்க வங்கிகட்கு இடங்கொடுத்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சொத்து பெரும்பாலும் 'உள்ளது உள்ளவாறே' விற்கப்படுகின்றது. பெயரும் முறையும் மாறின. கொள்வோன் பொறுப்பு மாறவில்லை.

ஆராய வேண்டுவன யாவை? ஏல அறிவிப்பின் சொற்கள் முதலாவன. அதில் 'நிலம்' என்றுளதா, 'நிலத்திலுள்ள நலன்' என்றுளதா என்பதைக் காண்க. 1865 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயப் பதிவின் பயனாய்க் கிடைக்கும் வில்லங்கச் சான்று, நிலவரித்திட்டப் பதிவேடு, சிட்டா, அடங்கல் என்பன அடுத்து வருவன. இவை ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும். வடகரைப் பக்கத்தில் இத்தொழில் இன்னுஞ் சற்று அரிது. 'வடகரை கீழ்ப்பிடாகை' என்னும் ஊர்ப்பெயரிலேயே, உட்கிடையூரைக் குறிக்கும் 'பிடாகை' என்னும் கல்வெட்டுச் சொல் வாழ்கின்றது. பழைய ஆவணத்தில் பிடாகையின் பெயரால் எழுதிய நிலம், பின்னைய கணக்கில் எந்தக் கிராமத்து எந்தப் புல எண்ணாயிற்று என அறியாதவர் தவறான நிலத்திற்கு விலை கூற நேரும். அருகிலுள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாயிருந்தது. ஆகவே அங்குள்ள நிலத்தின் முன்வரலாற்றை வேறோர் ஆட்சியின் கணக்குகளில் தேட வேண்டும்.

ஆதலின், ஒரு ஜமீன் ஏலத்திற் போயிற்று எனக் கேட்குமிடத்து நாம் மூன்றினைத் தெளிதல் வேண்டும்: விற்றது கச்சேரியோ நீதிமன்றமோ; நிலுவை எதன் பொருட்டு; அறிவிப்பில் நின்ற சொல் யாது. இம்மூன்றையும் அறியாது கூறும் வீழ்ச்சி வரலாறு, ஏல அறிவிப்பைப் படியாது விலை கூறியவன் கொண்ட நிலத்தை ஒக்கும்.