சங்ககிரியில் சூரிய மின்சாரம்: புகையும் குறையுமா, கட்டணமும் குறையுமா?

சங்ககிரி என்றால் மலைக்கோட்டையோடு லாரித் தொழிலும் சிமெண்ட் ஆலையும் நினைவுக்கு வரும். பக்கத்துக் குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் விசைத்தறிகள். இப்பகுதி மக்களின் பிழைப்பு டீசலையும் மின்சாரத்தையும் நம்பியே நடக்கிறது.

அருகிலுள்ள மேட்டூரில் இரண்டு வகை மின்சாரம் தயாராகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் நீர்மின்சாரம் கிடைக்கிறது; ஆனால் அது தண்ணீர் இருப்பைப் பொறுத்தது. தேவை பெருகியதால் 1980களில் நிலக்கரி அனல்மின் நிலையம் வந்தது. அதன் திறன் இன்று 1,440 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும்.

மொத்த வெளியேற்றத்தில் இந்தியா உலகில் மூன்றாம் இடம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. வளரும் நாட்டில் மின்தேவை கூடிக்கொண்டே போகும். புதிய சூரிய மின்சாரம் அந்தக் கூடுதல் தேவைக்கே சரியாகிவிட்டால், நிலக்கரி குறையாது. அதன் வளர்ச்சி மட்டுமே மட்டுப்படும். சூரியன் மறைந்த பின் விளக்கெரிய வேறு மின்சாரமும் வேண்டும். சிமெண்டில் இன்னொரு சிக்கல்: சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வருகிறது. அதைச் சூரியத் தகடுகளால் தடுக்க முடியாது.

இருந்தாலும் வீட்டுக்கூரை நம் கையில் இருக்கிறது. ஒரு கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000.

யாருக்கு லாபம்? தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம் என்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு அவசரமில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயரும். ஏசி ஓடும் அத்தகைய வீடுகளுக்கே முதல் பயன்.

மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் வரும். முழுத் தொகையையும் முதலில் நாமே புரட்ட வேண்டும். வட்டிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் கையிருப்புக்கு ஏற்ற சிறிய அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் முன், வீணாக ஓடும் விசிறியையும் விளக்கையும் நிறுத்துவோம். அதற்கு மானியம் தேவையில்லை.