மேய்ச்சல் நிலத்துப் பாஸ்பேட்டும் ஆம்பூர் மண்ணின் உப்பும்

எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம் என்று சொல்லத்தான் மண் பரிசோதனை வந்தது. நிலத்தை விட்டுப் போகும் நீர் எதைச் சுமந்து செல்லும் என்பதையும் அதைக் கொண்டு கணிக்கலாம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே பரிசோதனை போதாது.

மேய்ச்சல் நிலத்தை உழுவதில்லை. சாணத்திலும் உரத்திலும் வரும் பாஸ்பேட், மண் துகள்களைப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்குகிறது; மழைநீரோடு ஓடி ஏரியில் பாசியைப் பெருக்குகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் கோதுமை வயலில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸை அளக்கும் ஓல்சன் முறைப்படி மண்ணின் பாஸ்பரஸ் கிலோவுக்குச் சுமார் 60 மில்லிகிராமைத் தாண்டியதும் வடிகால் நீரில் பாஸ்பரஸ் கடகடவென ஏறியது. இந்த வரம்பு மண்ணுக்கு மண் மாறும். சரிவையும் ஓடையின் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணிப்பு தேறும்.

தமிழ்நாட்டில் தோல் ஆலைகள் நிறைந்த ஆம்பூரில் கதை வேறு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க இட்ட உப்பு, ஊறவைக்கும்போது கழிவுநீரில் கரைந்து நிலத்தை அடைகிறது. அது பெரும்பாலும் எதையும் பற்றி நிற்காமல் மழையோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. கோடையில் வெண்மையாக மேலே பூக்கிறது. உப்பிலுள்ள சோடியமோ மண்ணை இறுக்குகிறது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு பதிவுசெய்தது. பதனிடப் பயன்படும் குரோமியம் மட்டும் பாஸ்பேட்டைப் போல் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்கிறது.

இந்தியாவில் 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையின் 12 அளவுகளில் பாஸ்பரஸும், உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறனும் உண்டு. சோடியமும் குரோமியமும் இல்லை. மாதிரிக்காக ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் வெட்டுகிறோம். மேய்ச்சல் நிலத்தில் அந்த ஆழம் மேல்மண்ணின் பாஸ்பேட்டை அடிமண்ணோடு கலந்து குறைத்துக் காட்டும். ஆம்பூரிலோ கீழிறங்கிய உப்பை எட்டாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்தால் மின்கடத்துத்திறனின் எண் குறைந்திருக்கும்; உப்பு அதற்குள் நிலத்தடிக்குப் போயிருக்கலாம்.

ஆகவே மேய்ச்சல் நிலத்தில் மேலே 5 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆம்பூரில் கோடையிலும் மழைக்குப் பின்னும் அடுக்கடுக்காக மண் எடுத்து, கிணற்று நீரோடு ஒப்பிட வேண்டும். சோடியமும் குரோமியமும் அட்டையில் ஏற வேண்டும். அந்தச் செலவை, நிலத்தை இழந்த உழவர் தலையில் கட்டக்கூடாது.