அமர்நாத் பாதையில் பனி கொட்டிய நாள்

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடக்கையில் மழை பிடித்தால் எங்காவது ஒதுங்கிக்கொள்வோம். காஷ்மீரத்து அமர்நாத் பாதையில் அது நடக்காது. பகல்காமிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் மலை நடை. குகை இருப்பதோ 3,888 மீட்டர் உயரத்தில்.

1996 ஆகஸ்டு பிற்பகுதியில் அந்தப் பாதையில் திடீரென்று மழை, பின்பு பனிப்புயல். வழி தாங்காத கூட்டம். பலரிடம் குளிருக்கேற்ற துணிகூட இல்லை. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் 240க்கும் மேற்பட்டோர் விறைத்தும் களைத்தும் மாண்டார்கள்.

‘எல்லாம் விதி’ என்பார் நம்ம ஆளுங்க. எனக்கு மனசு ஒப்பவில்லை. பின்பு விசாரித்த நிதீஷ் சென்குப்தா குழுவும் ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத்தான் சொன்னது. இப்போது முன்பதிவும் மருத்துவர் சான்றிதழும் இல்லாமல் யாத்திரை கிடையாது. 13 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை.