காவிரிப் படுகையின் நீர்த் தகவல்: அச்சு நூலிலிருந்து இணையம் வரை

தஞ்சாவூர் மாவட்டத்தின் ஆறு, வாய்க்கால், மண், பயிர் பற்றிய விவரங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. டி. வெங்கசாமி ராவின் மாவட்டக் கையேடு 1883-இலும், எஃப். ஆர். ஹெமிங்வேயின் மாவட்ட கெசட்டியர் 1906-இலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் அமைந்த இவை நிர்வாகத் தேவைக்காக எழுதப்பட்டவை. உழவர்களை மனத்தில் கொண்டவை அல்ல.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் குறுவைச் சாகுபடி அணையின் நீர் இருப்பை நம்பியதாயிற்று. வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறக்கப்படும். இருப்பு குறைந்தால் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்க நேரும்.

காவிரி வழக்கு நீர் அளவீட்டின் தேவையை மேலும் உணர்த்தியது. 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை 404.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. இதில் கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது.

உலக வங்கி உதவியுடன் 1995-இல் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது. மழை, ஆற்றோட்டம், நிலத்தடி நீர் அளவீடுகள் கணினியில் சேமிக்கப்பட்டன. இன்று இத்தகைய தரவுகளை இந்திய நீர்வளத் தகவல் அமைப்பு இணையத்தில் பொதுமக்களுக்கு வழங்குகிறது. 2018-இல் உருவான தேசிய நீர்த் தகவலியல் மையம் இதனை நடத்துகிறது.

ஆயினும் அணையின் இருப்பை அறிவது மட்டும் போதாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரியும் நீர், கிளை வாய்க்கால்கள் வழியே வயலை அடைய வேண்டும். வாய்க்கால்வாரியான அளவுகளும் தமிழில் கிடைக்கும்போதுதான் இப்பொது நூலகம் கடைமடை உழவருக்கு முழுமையாகப் பயன்படும்.