சுதந்திர தேவி மலையேறி வந்த வழி

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறினால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இல்லாத தேயிலைத் தோட்டத்தைக் காண்பது அரிது. மழைக்கும் நோய்க்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எங்கள் பெண்கள் அவளிடம்தான் முறையிட்டார்கள். அம்மன் இல்லாமல் எங்கள் சனத்துக்கு ஒரு காரியமும் நடந்ததில்லை. விடுதலையைத் தேவியாக்கிக் கும்பிட்ட பாரதியின் பாட்டு இந்த மலைகளில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முதற் காரணம் என்பது, தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் தமிழ் படிப்பித்த என் துணிபு.

அந்தத் தேவிக்கு ஐரோப்பாவிலும் ஒரு பிறந்தகம் உண்டு. 1792-இல் பிரெஞ்சுக் குடியரசு தன் முத்திரையில் மன்னனை நீக்கிவிட்டு, ஈட்டி ஏந்திய ஒரு பெண்ணை நிறுத்தியது. 1820-இல் ஸ்பெயின் மக்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கேட்டு, ஷெல்லி சுதந்திரத்தை முன்னிலைப்படுத்தி நீண்ட துதி ஒன்றை எழுதினார். பாரிஸ் தெருவில் கொடி பிடித்து மக்களை நடத்திச் செல்லும் பெண்ணை 1830-இல் டெலாக்ருவா வரைந்தார். ஆனால் அந்தப் பிரான்சின் பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பெண்ணின் உருவத்தைக் கொடுத்தவர்கள், பெண்ணுக்கு விடுதலையைக் கொடுக்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள்.

ஷெல்லியில் தோய்ந்த பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்ற பெயரிலும் எழுதியவர். ஆனால் அவர் தமிழுக்குக் கொண்டுவந்த சுதந்திர தேவி, பராசக்தியின் சாயலோடு வந்தாள். அதே பாரதிதான் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களுக்காகவும் கண்ணீர் விட்டுப் பாடினார். தேவியைத் துதித்த வாயாலேயே தோட்டக்காட்டுப் பெண்ணின் துயரையும் சொன்னார். எங்களுக்கு அவர் நெருக்கமானது அதனால்தான்.

பாரதியின் பாட்டை மலையகத்தில் சனங்களின் காதுக்குக் கொண்டுசேர்த்தவர் மீனாட்சி அம்மை. தஞ்சாவூரிலிருந்து வந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி. தோட்டத்துக்குள் நுழைய வெளியாருக்குத் துரையின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போனார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1931-இல் அவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த பிறகு, கூட்டங்களில் மீனாட்சி அம்மையும் பாடினார். பாரதி பாடல்களோடு, சனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தாமே கட்டிய பாடல்களையும் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாடல் நூல் 1940-இல் வெளிவந்தது. வாசிக்கத் தெரியாத சனத்துக்குப் பாட்டே பத்திரிகை, பாட்டே துண்டுப் பிரசுரம்.

அவர் பாடிய காலத்தை ஒட்டிய கணக்கைப் பாருங்கள். 1920களின் இறுதியில் குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கப்பட்டபோது, மேல்நாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, கூடையைத் தலையில் மாட்டி, கங்காணியின் ஏச்சைக் கேட்டு, கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு திரும்பியவள் என் அம்மாயி. லயத்துக்கு வந்தால் அடுப்பும் பிள்ளையும் அவள் பாடுதான். அப்படிப்பட்ட பெண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரு பெண் மேடையேறி உரிமையைப் பாடியது சின்ன விஷயமா? ஐரோப்பியக் கவிஞனும் ஓவியனும் அண்ணாந்து பார்த்த அந்த உருவம், இங்கே சேலை கட்டி எதிரே நின்று சம்பளத்தையும் சங்கத்தையும் பேசியது.

1940-இல் பதுளைப் பக்கம் வேவஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டு, ஊவா மலைகள் முழுக்கப் பேச்சாக இருந்தது. அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததல்ல. சங்கக்காரரின் பேச்சும் சம்பளக் கணக்கும் பாட்டும் சேர்ந்துதான் வாய் மூடிக் கிடந்த சனத்தைப் பேச வைத்தன.

பிறகு இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது, 1948 பெப்ரவரியில். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்கும் போனது. 1931-இல் இந்த நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமையில் எங்கள் பெண்கள் பெற்ற பங்கும் அதோடு பறிபோனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984-இல்தான் வந்தது. நாடற்றவர் என்ற பேரைத் துடைக்க 2003-இன் சட்டம் வரை காத்திருந்தோம்.

ஆகவே மலையகத்தில் பாரதியைப் படிப்பிக்கும் ஒவ்வொரு ஆசிரியரையும் கேட்டுக்கொள்கிறேன். சுதந்திர தேவியின் பாட்டை நடத்தும் அதே பாடவேளையில் மீனாட்சி அம்மையின் பெயரையும், 43 சதத்தையும், 1948-ஐயும் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். விடுதலையைப் பெண்ணாக வணங்கிய கவிதை அவளுக்குக் கிடைத்த பெருமை. அந்த விடுதலையை வாய்விட்டுக் கேட்ட பெண் அவளுக்குச் சேரவேண்டிய சொத்து. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.