கண்டி வழியின் அகலம்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோட, மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த ஊர் கண்டி. நுவரெலியாவைப் பார்த்தவர்களுக்கு இது உயரமாகவே தோன்றாது. ஆனாலும் 1590களின் தொடக்கத்தில் தலைநகரான இந்த ஊரை 1815 வரை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எவராலும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. நகருக்குள் நுழைந்தவர்கள்கூடத் தங்க முடியாமல் திரும்பினார்கள், அல்லது திரும்பவே இல்லை. அவர்களைத் தடுத்ததில் மலையின் உயரத்தைவிட வழியின் ஒடுக்கத்துக்கே பங்கு அதிகம். பருத்த உடம்போடு இன்று கண்டிக்கு வரும் பயணிக்கும் ஏற்றத்தைவிட அகலமே பெரிய சிக்கல். பஸ்ஸின் இருக்கை, ஆட்டோவின் வாசல், விடுதியின் மாடிப்படி என்று ஒவ்வோர் இடத்திலும் அது எதிர்ப்படும். அந்த அகலத்தை ஒவ்வொரு காலத்திலும் யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

கண்டி மன்னர்கள் தங்கள் நாட்டில் அகலமான பாதை அமைக்கவில்லை. அமைக்க விடவும் இல்லை. 1660இல் பிடிபட்டு 1679 வரை மலைநாட்டில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இதை விவரிக்கிறார். காட்டினூடே ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய தடங்கள், முக்கியமான இடங்களில் அவற்றை மறிக்கும் முள்வாயில்கள், அங்கே காவல். முள்வாயில் திறக்காவிட்டால் உள்ளூர்க்காரரும் அப்பால் போக இயலாது. அரண் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் எண்ணிய நீர், நிலம், மலை, காடு என்ற நான்கில் மூன்று கண்டிக்கு இயற்கையாகவே வாய்த்திருந்தன. மன்னர்கள் செய்தது, காட்டையும் ஆற்றையும் அப்படியே விட்டுவைத்ததுதான். மேற்கிலிருந்து ஏறும் கணவாயைப் பலனக் கோட்டை காத்தது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. கவசமும் துப்பாக்கியும் சுமந்த வீரர்கள் ஒற்றை வரிசையில் நீண்டுவிட்டால், எண்ணிக்கையால் ஆகும் பயன் ஒன்றுமில்லை.

சக்கரம் இல்லாத அந்நாட்டில் பொருள்களைச் சுமந்தவை பொதிமாடுகள். தவளம் எனப்பட்ட அந்தப் பொதிமாட்டுத் தொழிலில் மலைநாட்டு முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள். கீழே இருந்து உப்பும் கருவாடும் ஏறின, மேலே இருந்து பாக்கு இறங்கியது. மனிதர்கள் நடந்தார்கள். பெரியவர்கள் பல்லக்கில் போனார்கள். பல்லக்குச் சுமப்பது குறிப்பிட்ட குலங்களுக்கு விதிக்கப்பட்ட ராஜகாரியம், அதாவது அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியம். பல்லக்கின் கணக்கு எளியது: ஏறுபவர் கனத்தால் தோள்களின் எண்ணிக்கை கூடும். பருத்த பிரபுவுக்குப் பயணம் தடைப்பட்டதில்லை. அவருடைய பருமன் இன்னொருவருடைய தோள் வலியாக மாறியது, அவ்வளவே. அரசன் முன்னிலையிலோ இந்தச் சலுகையெல்லாம் செல்லாது. 1762இல் சென்னையிலிருந்து தூதராக வந்த ஜோன் பைபஸ், கடிதம் வைத்த தட்டைத் தலைமேல் ஏந்தி முழந்தாளிட வேண்டியிருந்தது.

பருமனைக் கண்டி இழிவாகவும் எண்ணவில்லை. நிலமேமார் எனப்படும் பிரதானிகளின் சடங்கு உடை இதற்குச் சான்று. பல யார் நீளமுள்ள துணியை இடுப்பில் சுற்றிச் சுற்றி, மடிப்பை முன்னால் திரட்டி, மெலிந்த மனிதரையும் அகன்றவராகக் காட்டும் உடை அது. மேலே பரந்த பட்டி, உப்பிய கைகளையுடைய மேற்சட்டை, நாற்கோணத் தொப்பி. இதை அணிந்தவர் விரைந்து நடக்க முடியாது. நடக்கத் தேவையில்லை என்று காட்டுவதே அதன் நோக்கம்போலும். ஒற்றையடிப் பாதைகளின் நாட்டில் அகலம் என்பது பதவியின் அடையாளமாக இருந்தது.

1800இல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த், தளபதி மக்டோவலைத் தூதராக்கிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனிடம் அனுப்பினார். கொண்டுசென்ற பரிசுகளுள் ஆறு குதிரைகள் பூட்டும் அலங்கார வண்டி ஒன்றும் இருந்தது. கடற்கரையிலிருந்து கண்டிக்குச் சக்கரம் உருளத்தக்க வழி எதுவும் இல்லாத காலம் அது. வண்டி போக வேண்டுமானால் வழி அகல வேண்டும். வழி அகன்றால் பீரங்கியும் போகும். பரிசுதானா, வேறு ஏதாவதா என்ற ஐயம் எவருக்கும் எழக்கூடியது. மூன்றாண்டுகளுக்குள், 1803இல், படையே வந்து நகரைப் பிடித்தது. அந்த ஆண்டு ஜூனில் நோயால் நலிந்து வெளியேறிய மேஜர் டேவியின் படை, வட்டப்புளுவவில் மகாவலியைக் கடக்க வள்ளமின்றி நின்றுபோய் அழிந்தது.

1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. தமிழ் பேசும் நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். இனிக் கிளர்ச்சி எதுவும் எழாதிருக்க என்ன வழி என்று யோசித்த ஆங்கிலேயர் கண்ட விடை, றோட்டு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பிலிருந்து கண்டிக்கு 72 மைல் வண்டிப்பாதை போடப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி திறந்தார்கள். மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்ற பழைய வாக்கு அங்கே பலித்ததாக இன்றும் கதை சொல்வார்கள். வழியமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. பாறை உடைத்த ஆயிரக்கணக்கானோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தின் பேரிலேயே இழுத்து வரப்பட்டவர்கள். மன்னனை நீக்கியவர்கள் அவன் கையிலிருந்த சாட்டையை மட்டும் கீழே போடவில்லை. ராஜகாரியம் ஒழிந்தது 1832இல்தான்.

அதே 1832இல் கொழும்பு - கண்டி அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு பேராதனையில் மகாவலியின் குறுக்கே முதிரை மரத்தாலான பாலம் திறக்கப்பட்டது. 205 அடிக்கு ஒரே வளைவு. டேவியின் படையை மடக்கிய ஆறு, முப்பது ஆண்டுகளில் குதிரை வண்டியிலிருந்தபடியே கடக்கும் ஆறாகிவிட்டது. வழிநெடுக வாடி வீடுகள் வந்தன. குதிரை மாற்றும் நேரத்தில் பயணி சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொள்ளலாம். தோட்டத்துரைமாரின் அந்தக் கதிரை, நீண்ட கைகளும் அகன்ற பிரம்பு இருக்கையும் கொண்டது. எந்தப் பருமனுக்கும் இடங்கொடுக்கும். காசு கொடுப்பவனின் உடலைக் கணக்கில் எடுத்துச் செய்த தளபாடம் அது.

இதே ஆண்டுகளில் கண்டியை நோக்கி இன்னொரு வழியும் திறந்திருந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகள், தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அந்த வடபாதையில் வண்டியுமில்லை, வாடி வீடுமில்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. பிழைத்து ஏறியவர்கள் முதுகில்தான் மலைநாட்டின் அடுத்த றோட்டுகளும், பிறகு ரயில் பாதையும் எழுந்தன. கண்டிப் பயணத்தின் வரலாற்றில் சுமக்கப்பட்ட உடல்களைப் பற்றிய குறிப்புகள் ஏராளம். சுமந்தவற்றைப் பற்றியவை சொற்பம்.

ரயில் 1867இல் கண்டியை எட்டியது. தோட்டத்துரைமாருக்கு வேண்டியிருந்தது கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கும் வழி. ஆள் ஏறுவது இரண்டாம் பட்சம். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 12 மைலுக்குள் 1,400 அடி ஏறும் பாதை, 45 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தில் போடப்பட்டது. இந்த ஏற்றத்துக்கு ஒடுக்கமான தண்டவாளம் போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்தியாவின் அகலப் பாதைக்கு இணையான 5 அடி 6 அங்குலமே இங்கும் இடப்பட்டது. களனிப் பள்ளத்தாக்குப் பாதைக்குப் பின்னாளில் 2 அடி 6 அங்குலம்தான் கிடைத்தது. அகலப் பாதையால் அகன்ற பெட்டி வந்தது. மூன்றாம் வகுப்பின் நீள வாங்குகளுக்கு நடுவே கைப்பிடி இல்லை. மொத்தமான ஓர் ஆள் ஏறினால் மற்றவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். கட்டணம் கூடிய வகுப்பில் ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை உண்டு, அதற்குக் கைப்பிடியும் உண்டு. சொகுசு என்று விற்கப்பட்டது, பருத்தவருக்கு மட்டும் இறுக்கமானதாக அமைந்தது. பெட்டியின் படியும் பழைய மேடைகளும் சமமாக இல்லாத நிலையங்களில், ஏறுவதும் இறங்குவதும் இன்றும் ஒரு தனிப் பயிற்சி.

ஊருக்குள் நடப்பவருக்குக் கண்டி அளித்த சமதரைகள் மூன்று. முதலாவது வாவிக்கரை. வயல்வெளியை மூழ்கடித்து 1807 முதல் 1812 வரை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி அது. மக்கள் வெறுத்த கட்டாய வேலை. மன்னனின் வீழ்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாகவும் சொல்லப்படும். இன்று அதைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை ஏற்றமின்றி நடக்கலாம். மூச்சிரைப்பவர் நின்று கொள்ள நிழலும் இருக்கைகளும் உண்டு. இரண்டாவது உடவத்தகலைக் காட்டுப் பாதைகள். 1830களில் ஆளுநராயிருந்த ஹோட்டனின் மனைவி உலாவுவதற்கென்று மெல்லிய சரிவாக வெட்டிய பாதை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. மூன்றாவது, ஆற்றின் வளைவுக்குள் 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்கா. 147 ஏக்கரில் பெரும்பகுதி தட்டையானது. அங்குள்ள தொங்குபாலத்தில் மட்டும் ஒரே நேரத்தில் சிலருக்கே அனுமதி. பாலம் ஆட்களை எண்ணுகிறது, எடையைக் கேட்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பஸ் வந்ததும் கணக்கு மாறியது. 1958இல் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. பஸ்ஸின் ஒரு பக்கம் மூவர் இருக்கை, மறுபக்கம் இருவர் இருக்கை என்ற அமைப்பு நிலைத்தது. அந்த மூவரும் மெலிந்த மூவர் என்பது எழுதப்படாத விதி. 1979இல் தனியார் பஸ்களுக்கு வழி திறந்தபின், நடைபாதையிலும் மடக்கு இருக்கையை விரிக்கும் சிறு பஸ்கள் பெருகின. பயணியின் அகலம் ஒவ்வோர் அங்குலமும் காசாகியது. கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறும் பருத்த ஒருவர், நடத்துநரின் பார்வையிலேயே தம் உடலின் விலையைப் படித்துக்கொள்வார். சாரதிக்குப் பக்கத்து இருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

அதே காலத்தில் பரவிய ஆட்டோ, பஸ் நுழையாத சரிவுகளை ஊரோடு இணைத்தது. அனிவத்தை, அஸ்கிரிய, ஹந்தானைப் பக்கத்து ஏற்றங்களில் பழைய இரண்டு வீச்சு இயந்திர ஆட்டோக்கள் மூன்று பேரோடு முனகி ஏறின. அவற்றின் இறக்குமதி 2008இல் நின்று, வலுக்கூடிய நான்கு வீச்சு இயந்திரங்கள் வந்தன. பின்னிருக்கையில் ஒருவராக அமர்ந்தால் இதுவே பருத்தவருக்கு வசதியான ஊர்தி. தடுக்கும் கைப்பிடி கிடையாது, தனி இருக்கைக் கணக்கும் கிடையாது. சிறிய வண்டி பெரிய உடலுக்குப் பொருந்துவதும், பெரிய பஸ் பொருந்தாமற் போவதும் வேடிக்கைதான்.

யானைச் சவாரி கண்டிச் சுற்றுலாவின் இன்னொரு பழைய பண்டம். இங்கே எடை என்பது ஏறுபவரின் கூச்சத்துக்குரிய செய்தியாக மட்டும் நிற்கவில்லை. சுமக்கும் உயிரின் கேள்வியாகவும் ஆனது. 2021 ஆகஸ்டில் வெளியான வர்த்தமானி ஒழுங்குவிதிகள், யானைமேல் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் ஏறக்கூடாது, மெத்தென்ற சேணம் வேண்டும், நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று வரையறுத்தன. பல்லக்குக் காவிகளுக்கு யாரும் இப்படி எழுதி வைத்ததில்லை.

பருத்த பயணிக்கும் உரிமை உண்டு என்ற பேச்சு வெளிநாடுகளில் வலுப்பெற்றது. 1969இல் அமெரிக்காவில் பருத்தோருக்கான சங்கம் ஒன்று தோன்றியது. 2008இல் கனடாவின் போக்குவரத்து முகமை, உள்நாட்டு விமானங்களில் இருக்கைக்குள் அடங்காத பருமன் ஊனமாக அமையுமானால் இரண்டாவது இருக்கைக்குக் காசு வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் பருமனுக்கென்று தனிச் சட்டம் எழவில்லை. பக்கத்துக் கதவொன்று திறந்தது: மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும். சக்கர நாற்காலிக்காக அகட்டப்படும் கதவும் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் பருத்தவருக்கும் உதவும். புதிய கட்டடங்களில் இவை மெல்லத் தென்படுகின்றன. வாவிக்கு மேலே சரிவில் அடுக்கடுக்காக எழுந்த சிறு விடுதிகளிலோ, வாசலுக்கு முன்பே முப்பது நாற்பது படிகள். அறையைப் பதிவு செய்பவர் காட்சியைக் கேட்கிறார். படியைக் கேட்பது வந்து சேர்ந்த பிறகு.

புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகைக்குமுன் வண்டி நிறுத்தி இறங்கும் காலம், 1998 ஜனவரி 25இல் நடந்த குண்டுவெடிப்போடு முடிந்தது. முன்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. எல்லோரும் சோதனைச் சாவடி கடந்து, செருப்பைக் கழற்றி, முழங்காலும் தோளும் மறைய உடுத்து நடந்தே போகிறார்கள். வாடகைக்குக் கிடைக்கும் சுற்றுத்துணி பருத்த இடுப்பைச் சுற்றி வராமற் போவதுண்டு என்பதால், விவரமறிந்தவர்கள் தங்கள் சாரத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். புனிதப் பேழை இருக்கும் மேல்தளத்துக்கு ஏறுவது படிகளால். பூசை வேளையில் வரிசை நெரிசலாகி, ஒருவர் பின் ஒருவராக நகரும்.

ஆடி, ஆவணியில் வரும் எசல பெரஹராவின்போது ஊர்வல வீதிகளின் கடைத்தாழ்வாரங்களும் மாடிகளும் கதிரைகளால் நிரம்பி, கதிரை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசப்படும். பிளாஸ்டிக் கதிரைகள் கையோடு கை உரசப் போடப்பட்டிருக்கும். அகன்றவர் இரண்டு கதிரைக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. தீப்பந்தங்களும் யானைகளும் கடந்த பின், தலதா மாளிகையின் தலைமைப் பொறுப்பாளரான தியவடன நிலமே வருவார். இடுப்பைச் சுற்றிப் பல யார் துணியோடு, நாற்கோணத் தொப்பியோடு, வெறுமையாக விடப்பட்ட வீதியின் நடுவே, அவசரமின்றி.