முள்ளை நகர்த்தும் உரிமை



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, மாடியில் இரு மூங்கில்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி. மற்றொன்று, தந்தையார் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த உரிமப் புத்தகம். ஆண்டுதோறும் அஞ்சலகத்திற்குச் சென்று பணம் கட்டி அதனைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் அபராதம். விலை கொடுத்து வாங்கிய பெட்டியைக் கேட்பதற்கு மறுபடியும் எதற்குப் பணம் என்று வினவினேன். "பெட்டி நம்முடையது; காற்று சர்க்காருடையது" என்றார் தந்தையார். அவ்விடை எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சட்டப்படி பார்த்தால் அன்று அவர் கூறியதில் பிழையில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், செய்தி அனுப்பும் சாதனங்களை அமைத்து நடத்தும் தனியுரிமையை அரசுக்கே அளித்தது. 1933இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. உரிமக் கட்டணம் ஒலிபரப்பின் செலவுக்கு உதவிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் நீங்கிற்று.

பணம் கொடுத்த நேயருக்கு ஒலிபரப்பில் என்ன குரல் இருந்தது? 1952இல் பி. வி. கேஸ்கர் மத்திய அமைச்சராகி ஒலிபரப்புத் துறையை ஏற்றார். திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்பது அவருடைய கருத்து. அகில இந்திய வானொலியிலிருந்து அப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தன. மக்கள் மனுப் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. பெட்டியின் முள்ளைச் சற்றே நகர்த்தி, இலங்கை வானொலியில் நிறுத்தினார்கள். 1957 அக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி' தொடங்கப்பெற்று, திரைப்பாடல்கள் இந்திய ஒலிபரப்பில் மீண்டும் இடம் பெற்றன. நுகர்வோன் கையிலுள்ள முதற் கருவி இந்த முள்தான். பிடிக்கவில்லையெனில் வேறிடம் செல்லலாம் என்னும் உரிமை அது.

தொலைபேசிக்கோ அத்தகைய முள் இருந்ததில்லை. எங்கள் லீ பஜார் மண்டிக்காரர்கள் வெளியூர் விலைநிலவரம் அறிய டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் கருவியின் அருகிலேயே காத்திருப்பார்கள். சாதாரணம், அவசரம், மின்னல் என்று அழைப்பில் மூன்று தரம். விரைவு கூடக் கூடக் கட்டணமும் ஏறும். இணைப்புக் கேட்டு எழுதிப் போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோரும் உண்டு. துறை ஒன்றே, கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு வாசல் இல்லை. பில்லில் தகராறு என்றாலோ, 1957இல் தந்திச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற '7பி' என்னும் பிரிவின்படி, மத்திய அரசு நியமிக்கும் நடுவரே தீர்ப்பளிப்பார், அத்தீர்ப்பே முடிவானது. எவர்மீது புகாரோ அவரே நடுவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது.

காலம் மாறிற்று. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை குறித்து வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்புடைய வழக்கில், 1995 பிப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றைப் பொது நன்மையின் பொருட்டு ஒழுங்குபடுத்துவதே அரசின் கடமை என்று அத்தீர்ப்பு உரைத்தது. என் தந்தையாரின் விடை அன்றோடு பழையதாயிற்று. 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பிறந்தது. 2011 ஜனவரியில், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதற்கும் வந்தது. தொலைபேசிக்கும் ஒரு முள் கிடைத்தது எனலாம்.

நிற்க. முள் மட்டும் போதுமா? என்னிடம் படித்த மாணவர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். 2012ஆம் ஆண்டளவில் ஒரு நாள் வந்து, "ஐயா, மாதாமாதம் என் கைப்பேசிக் கணக்கிலிருந்து 30 ரூபாய் போய்விடுகிறது" என்றார். விசாரித்தோம். அவரை அழைப்போர் காதில் மணியோசைக்குப் பதிலாக ஒரு பாட்டு ஒலித்தது. அதற்குத்தான் அந்தப் பணம். அவர் அதைக் கேட்டு வாங்கவுமில்லை. தம் காதால் கேட்டதுமில்லை. ஆறு மாதத்தில் 180 ரூபாய். நிறுவனத்திற்கு நான் எழுதிய கடிதத்திற்குப் பதில் இல்லை. நுகர்வோர் மன்றத்திற்குப் போகலாம் என்றேன். வழக்கறிஞர் நண்பர் தடுத்தார். தொலைபேசித் தகராறுகளுக்கு 7பி பிரிவு இருப்பதால் நுகர்வோர் மன்றம் தலையிட இயலாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மாணவர் நிறுவனத்தை மாற்றிக்கொண்டார். பணம் போனது போனதுதான். 180 ரூபாய் சிறிய தொகைதானே என்பர். கொலுசுக்குச் சலங்கை கோப்பவருக்கு அது சிறிதன்று. அன்றியும், ஆயிரம் பேரிடம் அவ்வாறு எடுத்தால் அது பெரிய தொகையாகும். தனித்தனியே வழக்காட இயலாத அளவுக்குச் சிறியதாக இருப்பதே அவ்விழப்பின் வலிமை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அவர் கணக்கில் ஏறியிருந்த பாட்டு பாரதியாருடையது! அப்பாடல்களின் வரலாறு நாம் அறிய வேண்டியது. பாரதியார் 1921இல் மறைந்தார். அக்காலச் சட்டப்படி 1971 வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை இருந்திருக்கும். பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்னும் நகை வணிகரிடம் சென்று, அவரிடமிருந்து ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது வழக்கு மூண்டது. மகாகவியின் பாட்டு ஒருவருக்கு மட்டும் உடைமையாகலாமா என்று தமிழ்நாடு கேட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்த 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றது. மெய்யப்பர் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். கவியின் குடும்பத்தாருக்கு அரசு பணம் அளித்தது. 1950களின் நடுவில் அந்நூல்கள் எல்லோருக்கும் பொதுவாயின.

ஆகவே பாரதியின் சொல்லுக்கு இன்று எவரும் விலை கேட்க இயலாது. ஆனால் அச்சொல்லைப் புதிதாக இசையமைத்துப் பதிவு செய்தால், அந்த ஒலிப்பதிவு வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளுக்கு அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. இதை நான் குறை கூறவில்லை. உழைத்தவர் கூலி பெற வேண்டும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பங்கை இழந்துவிடாதபடி 2012ஆம் ஆண்டுத் திருத்தம் காவல் செய்திருப்பதும் நன்றே. கேட்காதவனிடம் விற்றதுதான் குற்றம். 2013இல் ஆணையம், இத்தகைய கட்டணச் சேவைக்கு வாடிக்கையாளரின் ஒப்புதலை இருமுறை பெற வேண்டுமெனக் கட்டளையிட்டது.

நீதிமன்றக் கதவும் பின்னர்த் திறந்தது. மாதம் சில நூறு ரூபாயே வந்துகொண்டிருந்த ஓர் ஆமதாபாத் வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவ்வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், 7பி பிரிவு நுகர்வோர் மன்றத்தின் வழியை அடைக்காது எனத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் அவ்வுரிமைக்குப் பாதகமில்லை என்கிறது.

இறுதியாக ஒன்று. 2016 பிப்ரவரி 8ஆம் நாள், இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதைக் கொண்டு வெவ்வேறு கட்டணம் விதிக்கலாகாது என ஆணையம் விதி செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்ட ஒரு பெரிய நிறுவனம் முன்வந்திருந்த சமயம் அது. இலவசந்தானே, ஏன் தடுக்க வேண்டும் என்று பலர் கேட்டனர். பெட்டியை இலவசமாகக் கொடுத்து, முள்ளை ஓரிடத்தில் அறைந்துவிட்டால், எங்கள் தெரு இலங்கை வானொலியைக் கேட்டிருக்குமா?

இவ்வளவு உரிமைகளும் ஏட்டில் உள்ளன. பில்லைப் படிப்பவர்க்கும், தேதியிட்டுப் புகார் எழுதி எண் வாங்கி வைப்பவர்க்குமே அவை பயன்படும். என் மாணவருக்கு அன்று வழி இல்லை. இன்று அவர் மகளுக்கு உண்டு. காற்று நம்முடையது என்பதை அவளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.